கத்திரிப்பூ கலரில் ஒரு கச்சேரி

1985 மார்ச் 30, சனிக்கிழமை ராத்திரி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கத்துக்கு அன்றைய பெயர் கேரியர் டோம். அதன் கூரையைத் தாங்கத் தூண் கிடையாது. உள்ளே காற்றை ஊதி ஊதித்தான் அந்தக் காலத்தில் கூரையை நிறுத்தி வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பந்தல்காரர் பார்த்திருந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பார். அந்தக் காற்றுப் பந்தலுக்குக் கீழே ஏறக்குறைய 40,000 பேர். மேடையில், ஐந்தடியைச் சற்றே தாண்டிய உயரமுள்ள ஒருவர், குதிகால் உயர்ந்த பூட்ஸின் தயவில் இன்னும் கொஞ்சம் வளர்ந்து, கத்திரிப்பூ கலரில் தகதகவென்று வந்து நிற்கிறார்.

பெயர் பிரின்ஸ். ரசிகர் மன்றம் வைத்த பட்டம் என்று நினைக்க வேண்டாம். பெற்றவர்களே வைத்த பேர். அப்பா ஜாஸ் பியானோக்காரர். மேடையில் தனக்கு வைத்துக்கொண்ட பேரையே மகனுக்கும் வைத்துவிட்டார். கூட வாசித்த குழுவுக்கு தி ரெவல்யூஷன் என்று பெயர். ஃபங்க் என்று சொல்லி, ராக், பாப், பக்திப் பாட்டு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிய கூட்டம். கச்சேரி செயற்கைக்கோள் வழியே ஐரோப்பாவுக்கு நேரடியாகப் போனது. ஜெர்மனியில் ராக்பலாஸ்ட் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், நம்மவர்கள் சிவராத்திரிக்கு முழிக்கிற மாதிரி ராத்திரியெல்லாம் முழித்துப் பார்த்தார்கள்.

நம் திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் யாரும் பார்க்கவில்லை. அங்கே சனி ராத்திரி என்றால் இங்கே ஞாயிறு காலை. ஊர் கறிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

இந்தக் கச்சேரியைப் பற்றி மேற்கத்திய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். அத்தனை பேரும் கலரைப் பற்றி வாய் வலிக்கப் பேசுகிறார்கள். ஒருத்தராவது சாயப்பட்டறை இருக்கிற ஊரில் வந்து விசாரித்தார்களா? இல்லை. அந்தக் குறையை நாமே தீர்த்து வைப்போம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது சின்னாளப்பட்டி. கண்ணுக்கெட்டிய தூரத்தில் சிறுமலை. ரயிலில் போனால் அம்பாத்துரையில் இறங்க வேண்டும். பக்கத்திலேயே காந்திகிராமம். ஊரின் பிழைப்பு சேலை. சுங்குடிச் சேலை ஒரு பக்கம்: துணியை நூலால் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்துப் பிரித்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். இன்னொரு பக்கம் சின்னாளப்பட்டு. காஞ்சிபுரம் பட்டு வாங்க வக்கில்லாத வீட்டுக் கல்யாணங்களை எல்லாம் பளபளப்பாக்கிய செயற்கைப் பட்டு. கத்திரிப்பூ உடம்பு, மாம்பழ மஞ்சள் பார்டர் என்று நம் அத்தைமார்கள் கட்டிக்கொண்டு பந்திக்குப் பந்தி நடந்தபோது யாரும் அதை ஒரு கலாச்சாரப் புரட்சி என்று எழுதவில்லை. அதே கலரில் ஒருத்தர் கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த சட்டையும் முழங்கால் வரைக்கும் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றதும், உலகமே வாயைப் பிளந்தது. 1984 ஜூன் 25 அன்று பர்ப்பிள் ரெயின் இசைத்தட்டு வந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை.

இசைத்தட்டின் பின்னாலேயே ஜூலை 27-இல் அதே பேரில் படமும் வந்தது. கதையைக் கேளுங்கள். கதாநாயகன் ஒரு பாட்டுக்காரன். வீட்டில் அப்பா, அம்மாவைப் போட்டு அடிக்கிறார். அப்பாவும் ஒரு காலத்தில் இசைக்காரர், தோற்றுப் போனவர். கிளப்பில் போட்டிக்கு ஒரு வில்லன் பாடகன். நடுவில் ஒரு பெண். அவளை வில்லன் தன் பக்கம் இழுக்கிறான். கடைசியில் அப்பா எழுதி வைத்த இசைக் காகிதங்களை மகன் கண்டெடுக்கிறான், மனம் மாறுகிறான், மேடையேறி ஒரு பாட்டுப் பாடுகிறான், எல்லாப் பிரச்சனையும் தீர்கிறது. இதைக் கோடம்பாக்கத்தில் எத்தனை தடவை எடுத்தாயிற்று! சுமார் 70 லட்சம் டாலரில் எடுத்த படம், அதைப்போலப் பத்து மடங்கு வசூல் செய்தது.

பிரின்ஸ் எப்படிப்பட்ட ஆள் என்று இன்னும் பிடிபடாதவர்களுக்கு ஒரு தகவல். 1978-இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டின் உறையில், 27 வாத்தியங்களை வாசித்தவர் என்று அவர் பேர் ஒன்றுதான் இருக்கிறது. எழுதியது, இசையமைத்தது, பாடியது, தயாரித்தது ஏறக்குறைய எல்லாம் அவரே. 1980-களின் தமிழ்நாட்டில் டைட்டில் கார்டில் கதை, திரைக்கதை, வசனம், பாடல், இசை, இயக்கம் என்று மூச்சு வாங்க வாசித்துவிட்டுக் கடைசியில் டி.ராஜேந்தர் என்று ஒரே பேரைப் போடுவார்கள் இல்லையா? மினியாபொலிஸ் நகரத்துக்கு வாய்த்த டி.ராஜேந்தர் இவர். தாடியின் அளவிலும் அடுக்குமொழியிலும் நம்மவரே முன்னால் நிற்கிறார் என்பது வேறு விஷயம்.

கச்சேரிக்கு முந்தைய இரண்டு மாதம் பிரின்ஸுக்கு நேரம் சரியில்லை. ஜனவரி 28 அன்று ராத்திரி, எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட அமெரிக்காவின் பெரிய பாடகர்கள் எல்லாரும் ஒரே அறையில் கூடி வீ ஆர் தி வேர்ல்ட் பாட்டைப் பாடினார்கள். ஊரே கூடிக் கூழ் ஊற்றுகிற இடத்துக்கு இவர் மட்டும் வரவில்லை. வராததோடு விட்டாரா? அதே ராத்திரி ஒரு விடுதி வாசலில் அவருடைய மெய்க்காப்பாளர்கள் புகைப்படக்காரர்களோடு கைகலப்பில் இறங்கிப் போலீஸ் வரைக்கும் போய்விட்டது. பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. ஆனாலும் மார்ச் 25-இல் ஆஸ்கர் மேடையில் பர்ப்பிள் ரெயின் படத்தின் பாடலிசைக்கு விருது. தலையை மூடி முக்காடு போட்டதுபோல ஒரு ஜிகினா அங்கியில் வந்து, கடவுளுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். சேலைக் கடை பொம்மைக்குக்கூட அத்தனை ஜிகினா போட மாட்டார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் இந்த சிரக்யூஸ் கச்சேரி.

அந்த நாளில் நம் பக்கம் டிவியின் லட்சணம் என்ன என்பதையும் பார்த்துவிடுவோம்.

சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷன் வந்துவிட்டது. வயலும் வாழ்வும், வெள்ளிக்கிழமையானால் ஒளியும் ஒலியும், வொண்டர் பலூன். அந்த வொண்டர் பலூனில்தான் திலீப் என்று ஒரு பையன் ஒரே நேரத்தில் நாலு கீபோர்டு வாசித்துக் காட்டினான், பிற்பாடு ஏ.ஆர்.ரஹ்மான் ஆனான். இதெல்லாம் சென்னைக்காரர்களின் பாக்கியம். சின்னாளப்பட்டிக்கும் அந்தக் கோபுரத்துக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல். 1982 ஏப்ரலில் இன்சாட்-1ஏ என்ற செயற்கைக்கோளை விட்டார்கள். செப்டம்பரில் அது எரிபொருள் தீர்ந்து, பெட்ரோல் போட ஆள் இல்லாத இடத்தில் நின்றுபோனது. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி போனது, தங்கியது. 1984-இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ரிலே நிலையங்களைத் திறந்தார்கள். அவை டில்லியிலிருந்து வந்ததை அப்படியே வாங்கித் தரும். டில்லியிலிருந்து வந்தது பெரும்பாலும் இந்தி. இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த தலைமுறை, மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இந்தியைத் தெளிவாக வரவழைத்தது. கொடைக்கானல் மலையில் பெரிய கோபுரம் வந்து தமிழ் பேசிய பிறகுதான் இந்தப் பக்கம் மனசு ஆறியது.

பெட்டியும் அப்படித்தான். சாலிடேர், டயனோரா. முன்னால் இழுத்துப் பூட்டுகிற மரக்கதவு. கருப்பு வெள்ளைப் படம். அதன்மேல் மேலே நீலம், நடுவே மஞ்சள், கீழே பச்சை என்று ஒரு கலர்த் தாளை ஒட்டிவிட்டு அதைக் கலர் டிவி என்று அழைத்தார்கள். செய்தி வாசிப்பவருக்கு நெற்றி நீலம், தாடை பச்சை. இப்படிப்பட்ட பெட்டியில் பிரின்ஸ் வந்திருந்தால் கத்திரிப்பூவாவது, மாம்பூவாவது! சாம்பல் கலரில் ஒரு குள்ளமான மனிதர் குதித்திருப்பார், இடுப்புக்குக் கீழே பச்சையாக.

நியூயார்க் மாநிலம் என்றால் நம் பக்கம் அன்று எல்லாருக்கும் தெரிந்தது ஒரே ஓர் இடம்தான்: புரூக்ளின் மருத்துவமனை. 1984 நவம்பரில் எம்.ஜி.ஆரை அங்கே கொண்டுபோனார்கள். டிசம்பர் 24-இல் தேர்தல். ஆண்டிபட்டித் தொகுதியில் வேட்பாளர் அவர். ஆண்டிபட்டி அப்போது நம் மதுரை மாவட்டம்தான். ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் வீடியோ எடுத்து வந்து ஊர் ஊராகக் காட்டினார்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, கதாநாயகி கிடையாது. ஒருவர் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். கூட்டம் அழுதது, கைகூப்பியது, ஓட்டுப் போட்டது. படுத்த படுக்கையிலேயே ஜெயித்து, 1985 பிப்ரவரி 4-இல் சென்னையில் வந்து இறங்கினார். நியூயார்க் மாநிலத்திலிருந்து எத்தனை கச்சேரி வந்தாலும் அந்தக் கேஸட்டை மிஞ்ச முடியாது. பிரின்ஸ் 18 பாட்டுக்கு மேல் பாடியும் கிடைக்காத கைதட்டலை, ஒரு வாய்ச் சோறு எடுத்து வைத்ததிலேயே வாங்கியவர் இவர்.

சரி, இனி கச்சேரிக்குப் போவோம். சின்னாளப்பட்டி கோயில் திருவிழாவுக்கு மெல்லிசைக் குழுவைப் பேசி முடிக்கிற விழாக் கமிட்டி ஒன்றை சிரக்யூஸுக்கு முதல் வரிசையில் உட்கார வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர். மூன்று துண்டு, மூன்று விபூதிப் பட்டை.

முதல் பாட்டு லெட்ஸ் கோ கிரேஸி. ஆர்கன் இசை மெல்ல எழும்ப, கல்யாணத்துக்குக் கூடியவர்களிடம் பாதிரியார் பேசுவதுபோலப் பேசித் தொடங்குகிறார்.

“சாமியைக் கும்பிட்டு ஆரம்பிக்கிறாப்ல தலைவரே, நல்ல பிள்ளை,” என்கிறார் செயலாளர்.

“பொறுப்பா,” என்கிறார் தலைவர். அனுபவஸ்தர்.

அரை நிமிஷத்தில் டிரம்ஸ் விழுகிறது, கிடார் அலறுகிறது. சாமி விஷயம் அங்கேயே ஒத்திவைக்கப்படுகிறது.

கமிட்டியின் பார்வை குழுவின் மேல் போகிறது. கீபோர்டில் ஒருவர் ஆபரேஷன் தியேட்டர் உடுப்பு, முகமூடி சகிதமாக நிற்கிறார். பெயர் டாக்டர் ஃபிங்க். “முதலுதவிக்கு டாக்டரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க, இந்த ஏற்பாடு நமக்குத் தோணலையே,” என்று குறித்துக்கொள்கிறார் செயலாளர். அவர் டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை, வேஷம். பாபி இஸட் டிரம்ஸ். பிரவுன்மார்க் பேஸ் கிடார். கிடாரில் வெண்டி, இன்னொரு கீபோர்டில் லிசா, இரண்டு பேரும் பெண்கள். இதைக் கண்டுதான் கமிட்டி நிமிர்ந்து உட்காருகிறது. நம் மெல்லிசைக் குழுவில் பெண் என்றால் கைக்குட்டையும் பாட்டு நோட்டுமாக மைக் முன்னால் நிற்பவர்; பாட்டு முடிந்ததும் நாற்காலியில் போய் உட்காருபவர். வாத்தியம் எல்லாம் ஆம்பிளைச் சொத்து. இங்கேயோ 1983 ஆகஸ்ட் 3 அன்று மினியாபொலிஸின் ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்பில் முதன்முதலாக இந்தக் குழுவோடு மேடையேறியபோது வெண்டிக்கு வயது 19. பர்ப்பிள் ரெயின் பாட்டின் தொடக்கத்தில் வருகிற கிடார் அந்தப் பெண்ணுடையது. அன்று அந்த மேடையில் பதிவானதுதான் இசைத்தட்டிலேயே இருக்கிறது. கருப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணுமாகக் கலந்து நிற்கிற குழுவை அதற்கு முன்பே ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் கட்டிக் காட்டியிருந்தார்கள். பிரின்ஸ் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர். நம் கமிட்டி இன்னும் படிக்கவில்லை.

டெலிரியஸ், 1999, லிட்டில் ரெட் கார்வெட் என்று பாட்டுகள் மூச்சு விடாமல் போகின்றன. நடுவில் யாரும் மைக்கைப் பிடுங்கி, “பட்டறைக்காரர் வீட்டு மருமகன் அன்பளிப்பு ரூபாய் ஐந்து” என்று அறிவிக்கவில்லை. நீல நிற சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியவர் உடனே வந்து எடுக்கும்படியும் கேட்டுக்கொள்ளவில்லை. “இது என்னண்ணே கச்சேரி, ஒரு அறிவிப்புகூட இல்லாம!” என்று பொருளாளர் வருத்தப்படுகிறார்.

நடுக்கச்சேரியில் இவர் பியானோவில் உட்கார்ந்து சிருங்காரப் பாட்டாகப் பாடிக்கொண்டே வந்து, திடீரென்று நிறுத்தி, மேலே பார்த்துக் கடவுளோடு பேச ஆரம்பிக்கிறார். நான் நல்லவனாக இருக்க முயற்சி செய்கிறேன் என்கிற தோரணை. அப்புறம் மறுபடி சிருங்காரம். மறுபடி கடவுள். இந்த இடத்தில் கமிட்டிக்குக் கொஞ்சமும் குழப்பம் இல்லை. திண்டுக்கல் பக்கம் கோடாங்கி உடுக்கை அடிக்க, அருள் வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். “ரெண்டு சாமி ஒரே உடம்புல இறங்கியிருக்கு. எது குலசாமின்னு கேட்டுச் சொல்லணும்,” என்கிறார் தலைவர். பிரின்ஸைப் பற்றி எழுதப்பட்ட தடித்தடிப் புத்தகங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து சேர்கிற முடிவு இதுதான். அந்தச் சுற்றுப்பயணத்தின் மேடைச் சாமான்களில் ஒரு குளியல் தொட்டியும் உண்டு. அதன் வாடகையைக் கேட்டுப் பொருளாளர் மயங்கிவிட்டார்.

அடுத்து டார்லிங் நிக்கி. இந்தப் பாட்டின் பொருளை விளக்கினால் இந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் விட மாட்டீர்கள். செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், தன் 11 வயது மகளுக்கு வாங்கிக் கொடுத்த இசைத்தட்டில் இது ஓடியதைக் கேட்டு ஆடிப்போய், வேறு அரசியல் புள்ளிகளின் மனைவிமார்களைச் சேர்த்து 1985-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட்டின் குழுவே உட்கார்ந்து விசாரித்தது. உலகின் மிகப் பெரிய வல்லரசு பாட்டு வரிகளைக் கூராய்வு செய்துகொண்டிருந்த அதே வாரத்தில், செப்டம்பர் 15 அன்று, இங்கே எம்.ஜி.ஆர் அரசு மதுரையிலிருந்து பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கியது. எந்த அரசு உருப்படியான வேலை பார்த்தது என்று நீங்களே சொல்லுங்கள். விசாரணையின் பலனாக, பெற்றோருக்கு எச்சரிக்கை என்று இசைத்தட்டுகளின்மேல் ஒரு ஸ்டிக்கர் வந்தது. எதை வாங்க வேண்டும் என்று தேடி அலைந்த பையன்களுக்கு அது பெரிய உதவி. தூர்தர்ஷனாக இருந்தால் இத்தனை செலவே இல்லை. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டு வீணை இசை போட்டிருப்பார்கள்.

அப்புறம் வென் டவ்ஸ் க்ரை. இசைத்தட்டில் இந்தப் பாட்டுக்கு பேஸ் கிடாரே கிடையாது. ஃபங்க் இசைக்கு பேஸ்தான் உயிர்நாடி. அதையே எடுத்துவிட்டு ஒரு பாட்டுப் போட்டு, அதை முதலிடத்துக்கும் கொண்டுபோனதால் பிரின்ஸை மேதை என்று கொண்டாடினார்கள். இதில் எனக்குக் கடுமையான ஆட்சேபணை உண்டு. நம் ஊரில் கோயில் வேப்பமரத்திலும் கல்யாண வீட்டுக் கம்பத்திலும் டீக்கடைக் கூரையிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இருக்கிறதே, அது கீழ்ச்சுரங்களைச் சுத்தமாக விழுங்கிவிடும். ஊதுகுழல் வடிவம் அப்படி. குரல் கிரீச்சென்று அடுத்த ஊருக்கும் கேட்கும், பேஸ் கிடார் பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்துத் தேறி, 1976-இல் அன்னக்கிளியோடு சினிமாவுக்கு வந்த இளையராஜா, எண்பதுகளில் பேஸ் கிடாருக்கென்றே தனியாக ஒரு மெட்டுக் கட்டி, குரலுக்கு அடியில் ஓட விட்டார். அத்தனை உழைப்பையும் குழாய் ஸ்பீக்கர் தின்று ஏப்பம் விட்டது. ஒரே ஒரு பாட்டில் பேஸை எடுத்தவருக்கு மேதைப் பட்டம். எல்லாப் பாட்டிலும் எடுத்த நம் மைக் செட்காரருக்கு ஒரு பொன்னாடைகூட இல்லை.

பிறகு அந்த பேஸ் நமக்கு எங்கே கேட்டது? தனியார் பஸ்ஸில். மதுரை ரோட்டில் ஓடிய பஸ்களில் பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான், ஏற்கெனவே நூறு தடவை கேட்ட பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுவது தெரிந்தது. கடைசி சீட்டில் உட்கார்ந்தவருக்குக் கேட்பதோடு நிற்காது, முதுகெலும்பிலேயே வாசிப்பார்கள்.

பேபி ஐயம் எ ஸ்டார் வந்ததும் கச்சேரி திருவிழாவாகிறது. ஷீலா ஈ. வருகிறார், தாளவாத்தியத்தில் கை வைத்தால் அந்த அம்மாளை நிறுத்த ஆள் இல்லை. எரிக் லீட்ஸ் சாக்ஸபோனோடு வருகிறார். யார் யாரோ மேடையேறி ஆடுகிறார்கள். பிரின்ஸ் கையைக் காட்டினால் மொத்தக் குழுவும் ஒரே அடியாக அடித்து நிற்கிறது. மறுபடி காட்டினால் மறுபடி. இந்த வித்தையின் மூலவர் ஜேம்ஸ் பிரவுன். அறுபதுகளில் அவர் தன் குழுவுக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: தாளவட்டத்தின் முதல் தட்டில் எல்லாரும் வந்து விழ வேண்டும், நடுவில் எப்படி வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். தப்பாக வாசித்தால் மேடையிலேயே அபராதம். ஃபங்க் என்பது இவ்வளவுதான். கர்நாடகக் கச்சேரி கேட்கிறவர்கள் இதைச் சமத்தில் வந்து சேர்வது என்பார்கள். கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசிக்கிற தவில்காரர் எதுவும் சொல்ல மாட்டார், அடித்துக் காட்டுவார். எங்கெங்கோ போய்த் திரும்பி வந்து அந்த முதல் அடி விழுகிற இடத்தில் நம் கால் தானாகத் தரையில் விழும். கமிட்டி மூன்று பேருக்கும் அன்று சிரக்யூஸில் அதுதான் நடந்தது. தலைவரின் துண்டு தோளில் இல்லை. செயலாளர் நாற்காலியில் இல்லை.

கடைசியாக பர்ப்பிள் ரெயின். கால் மணி நேரத்துக்கும் மேல். அதில் வெகுநேரம் பாடவே இல்லை. கிடாரை வைத்துக்கொண்டு ஆலாபனை. பாட்டு எப்போது வரும் என்று பொருளாளர் கேட்கிறார். “சும்மா இருப்பா, கல்யாணியை எடுத்தா சஞ்சாரம் பண்ணித்தான் வருவாங்க,” என்று தலைவர் அதட்டுகிறார். அது கல்யாணி இல்லை என்பது ஒரு பொருட்டா?

பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று மயாமியில் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரி. இனி மேடையேறப் போவதில்லை, ஏணியைத் தேடிப் போகிறேன் என்று அறிவித்தார் பிரின்ஸ். என்ன ஏணி, எதற்கு ஏணி என்று கேட்டவர்களுக்கு ஒழுங்கான பதில் இல்லை. உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல் என்பதால் ஏதோ அவசரத் தேவை என்று நாம் புரிந்துகொள்ளலாம். ஓய்வு பெற்றவரின் அடுத்த இசைத்தட்டு ஏப்ரல் 22-இல் வந்துவிட்டது. அரசியலில் இருந்து விலகுகிறேன் என்று அறிக்கை விடுகிற நம் தலைவர்களாவது ஒரு மாசம் தாக்குப்பிடிப்பார்கள். மேடைக்கும் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

சிரக்யூஸ் கச்சேரி அதே வருஷம் ஜூலையில் வீடியோ கேஸட்டாக வந்தது. திண்டுக்கல் பக்கம் அப்போது டெக் வாடகைக்கு எடுத்தால் கலர் டிவியோடு சேர்த்துக் கொண்டுவந்து இறக்குவார்கள். விடிய விடிய மூன்று படம் ஓடும். மூன்றாவது படத்துக்கு முழித்திருப்பது டெக்கோடு வந்த பையன் மட்டும்தான். அந்த மூன்றில் ஒன்றாக பிரின்ஸ் வந்திருந்தால், கேஸட்டை மாற்றச் சொல்லி முதல் குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்திருக்கும். நியாயமான குரல். படம் அவ்வளவு இருட்டு. மேடை முழுக்கப் புகை, அதற்குள் எங்கோ ஒரு கத்திரிப்பூ அசைவு. 40,000 பேருக்கு நேரில் கனவுபோல இருந்தது, டிவியில் பார்த்தவர்களுக்கு வெங்காயச் சருகு எரிகிற வீடுபோல இருந்திருக்கும்.

2016 ஏப்ரல் 21 அன்று பிரின்ஸ் இறந்தார். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது நிவாரண நிதிக்காக இந்தக் கச்சேரியைச் சில நாள் யூடியூப்பில் போட்டார்கள். 1985-இல் கூழ் ஊற்ற வராதவர், 35 வருஷம் கழித்து, செத்த பிறகு ஊற்றினார். 2022-இல் படத்தையும் ஒலியையும் சுத்தம் செய்து வெளியிட்டார்கள். அதில்தான் கலர் ஓரளவுக்கு ஒழுங்காகத் தெரிகிறது. சாயம் பிடிக்க 37 வருஷம். சின்னாளப்பட்டியில் இந்த வேகத்தில் சாயம் போட்டால் ஆர்டர் கேன்சல்.

இப்போது பார்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்று யோசனை. வீட்டில் பெரியவர்கள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பாருங்கள். செல்போனில் பார்க்காதீர்கள், அதன் ஸ்பீக்கர் குழாய் ஸ்பீக்கரின் பேரன், பேஸை விழுங்கிவிடும். உட்கார்ந்து பார்க்காதீர்கள்; இந்தச் சங்கீதம் நிற்கிறவர்களுக்காகப் போட்டது.

விழாக் கமிட்டியின் தீர்ப்பு மினிட் நோட்டில் இப்படி எழுதப்பட்டது: பாட்டு சுத்தம். ஆட்டம் ஏ ஒன். கலர் நம்ம ஊர்க் கலர். அடுத்த வருஷத்துக்கும் இவர்களையே பேசலாம். லைட் செட்காரருக்கு மட்டும் பாக்கியைக் கொடுக்க வேண்டாம்.